கல்யாணப் படத்தில் இல்லாத பெண்

மஸீஹாவின் கல்யாணத்தில் ஒரே ஒரு படம்தான் எடுத்தார்கள். அந்த ஒரு படத்திலும் மஸீஹா இல்லை.

நடுவில் மாப்பிள்ளை யஹ்யா இருக்கிறான். புதுத் தொப்பி, இரவல் கோட்டு, யாரோ அடிக்க வருவதைப் பார்த்துவிட்டது போன்ற முகம். அவனுடைய வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் மஸீஹாவின் அண்ணன் நுஹ்மான். அவளுக்கு அவர் நானா. பக்கத்தில் நிக்காஹ் ஓத வந்த லெப்பை, பதிவுகாரர், இரண்டு சாட்சிகள். பின்னால் உள்ளறை வாசலில் பூப்போட்ட திரை ஒன்று தொங்குகிறது. திரைக்குக் கீழே, எட்டிப் பார்க்க வந்த பெண்களின் கால்கள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன.

நிக்காஹ் என்றால் அப்படித்தான். வாப்பா உயிரோடு இருந்தால் வாப்பா, இல்லாவிட்டால் நானா, பெண்ணுக்குப் பொறுப்பான வலீயாக உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் தங்கச்சியை உமக்கு முடித்துத் தந்தேன்" என்பார். மாப்பிள்ளை "ஏற்றுக்கொண்டேன்" என்பான். பதிவுப் புத்தகத்திலும் பெண்ணுக்காக வலீதான் கையெழுத்துப் போடுவார். பெண் உள்ளே இருப்பாள். பெண் இல்லாமல் என்ன கல்யாணம் என்று அன்றைக்கு மாத்தளையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள். அந்தக் கேள்வி இரண்டு வருஷம் கழித்து, எழுபதாம் ஆண்டில், கொழும்பில் வந்தது.

யஹ்யாவுக்குப் பாண் போடுகிற தொழில். திருகோணமலை வீதியில் மாமாவின் பேக்கரியில் சின்ன வயதிலிருந்தே போறணை அடுப்புச் சூட்டில் நின்று பழகியவன். கல்யாணம் பேசும்போதே சீமையில் ஒரு பெரிய பாண் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை சரியாகியிருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க மஸீஹாவோடு இருந்தான், பிறகு கப்பலேறினான். அவ்வளவுதான் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை.

ஆனால் அந்த மழைக்காலம் சும்மா போகவில்லை. பேக்கரிக்காரன் ஆனபடியால் அவனுக்கு விடியற்காலை சுபஹுக்கு முன்னமே விழிப்பு வந்துவிடும். எழுந்து அடுப்பை மூட்டித் தானே தேத்தண்ணி போட்டுக் குடிப்பான். மஸீஹா விழித்துவிடக் கூடாதென்று கோப்பையை மேசையில் வைக்காமல், மடித்த துணியின் மேல் வைப்பான். அவள் விழித்துக்கொண்டேதான் இருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, சத்தமே வராத அந்தக் கோப்பையைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். தனக்காக ஒருவன் இவ்வளவு பக்குவமாக நடக்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதை அவனிடம் சொல்ல வேண்டுமென்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை. புருஷனிடம் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவர்கள் வீட்டில் இருந்ததில்லை.

புறப்பட்ட அன்று மாத்தளை ஸ்டேஷனில், நுஹ்மான் பெட்டியை ஏற்றப் போன சமயம் பார்த்து அவன் கேட்டான்: "ஒண்ணு கேக்காமலே இருந்துட்டேன். என்னை முடிச்சதுல உனக்குச் சம்மதந்தானா?"

மஸீஹா தலையைக் குனிந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த பதில் அதுதான். அந்தப் பதிலின் அர்த்தம் அவனுக்கும் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றான். காதால் கேட்க ஆசைப்பட்டான் போலிருக்கிறது. கார்ட் விசில் ஊதினார். அவன் ஏறிப் போய்விட்டான்.

வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று அன்றிலிருந்து மஸீஹா தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாளில்லை.

விசாவுக்காகக் கொழும்பிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டதும் நுஹ்மானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை அவருடையது. கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, தங்கச்சியை எதிரே உட்காரவைத்து, வெள்ளைக்காரன் கேட்கக் கூடியதையெல்லாம் தானே கேட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை இருக்கும் தெரு என்ன, வேலை என்ன, அவருடைய உம்மாவின் பெயர் என்ன. மஸீஹா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். அவருக்குத்தான் திருப்தி வரவில்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒரு சொல்லு கூடப் பேசாத. நாலு பேரு முன்னுக்கு நம்ம வீட்டுப் பொண்ணு எப்பிடி இருக்கணுமோ அப்பிடி அடக்கமா இரு. விளங்குதா?"

"விளங்குது நானா."

"இது தவறிச்சின்னா அவர் அந்தக் கரையில, நீ இந்தக் கரையில. மறுபடி எப்ப கூப்பிடுவாங்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

அவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் எவ்வளவு அகலம் என்று இரண்டு வருஷமாக அவள்தானே அளந்துகொண்டிருக்கிறாள்.

முதல்நாளே ரயிலேறி, மருதானையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் விசாக் கந்தோருக்குப் போனார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று நுஹ்மான் ஒரு பை நிறைய நல்ல கராம்பு கட்டிக்கொண்டு போயிருந்தார். வாசலில் நின்ற காவல்காரன் பையைத் திறந்து முகர்ந்து பார்த்து, தும்மி, அதைத் தன் மேசைக்குக் கீழே வைத்துவிட்டான். போகும்போது எடுத்துக்கொள்ளலாமாம். நுஹ்மானின் முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. "பிள்ளை மட்டும் வரட்டும். நீங்க வெளியிலேயே இருங்க" என்றார் ராஜநாயகம். அந்தக் கந்தோரில் தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்வதுதான் அவருடைய வேலை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிறிய சிலுவை, நல்ல மனுஷன் என்று பார்த்ததும் தெரிகிற முகம்.

"ஐயா, நான் வலீ. இவளுக்குப் பொறுப்பு நான்தானே" என்றார் நுஹ்மான்.

"அது உங்க ஊர்ல, முதலாளி. இங்க பொண்டாட்டிய மட்டுந்தான் கேப்பாங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி. மஸீஹாவைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். மூக்கு நுனி வெயிலில் சிவந்து தோலுரிந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டு உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டியதும் மஸீஹாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. தெரு, வேலை, மாமியாரின் பெயர் எல்லாம் நுஹ்மான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே வந்தன. மஸீஹாவும் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

பிறகு துரைசாணி அந்தப் படத்தைக் கையில் எடுத்தாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்கன்னு அம்மா கேக்கிறாங்க" என்றார் ராஜநாயகம்.

"நான் இல்ல."

"இது உங்க கல்யாணந்தானே?"

"ஓம்."

துரைசாணி படத்தைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்திலாவது பெண் இருப்பாளா என்பதுபோல. கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்களையும் விரலால் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். ராஜநாயகம் கொஞ்சம் கனைத்துக்கொண்டு, "இவங்க ரெண்டு பேரும் ஏன் கையப் பிடிச்சிக்கிட்டு இருக்காங்கன்னு கேக்கிறாங்க" என்றார்.

"ஒருத்தர் மாப்பிள்ளை. மத்தவர் எங்கட நானா. நானாதான் என்னைக் குடுத்தவர்."

"அப்ப இந்தத் திரைக்குக் கீழ தெரியிற கால்ல உங்க கால் எது?"

"அதுலயும் இல்ல. அது பாக்க வந்த ஆக்கள். நான் உள்ளுக்கு, அறையில இருந்தேன்."

"அங்கேருந்து நடந்தது தெரிஞ்சுதா?"

"இல்ல. கடைசில எல்லாரும் சத்தமா துஆ ஓதினாங்க. அப்பதான் முடிஞ்சுதுன்னு விளங்கிச்சி."

துரைசாணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணப் பதிவுப் பத்திரத்தை எடுத்துக் கையெழுத்து இருக்கும் இடத்தைக் காட்டினாள். அங்கேயும் நுஹ்மானின் கையெழுத்துத்தான். மஸீஹாவுக்கு வியர்த்தது. கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தானே சொல்கிறோம், இந்த அம்மாவின் முகம் ஏன் இப்படி வாடிக்கொண்டே போகிறது?

"உங்ககிட்ட யாரும் கேக்கலயா? சம்மதமான்னு?"

"கேட்டாங்க. நானாவும் ரெண்டு சாட்சியும் அறை வாசலுக்கு வந்து மூணு தரம் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல்ல."

ராஜநாயகம் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தானும் மஸீஹாவைப் பார்த்தார். கோயிலில் பாதிரியார் முன்னால் ஊரறிய 'சம்மதம்' என்று சொல்லிக் கல்யாணம் முடித்தவர் அவர். ஒன்றும் சொல்லாததே சம்மதம் என்று அவருக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை.

துரைசாணி கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மஸீஹாவையே பார்த்துப் பேசினாள். ராஜநாயகமும் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இப்ப அம்மா உங்ககிட்ட நேரா கேக்கிறாங்க. வெளியில இருக்கிற நானாவ நினைக்க வேணாம். உங்க புருஷன்கிட்டப் போய்ச் சேர உங்களுக்குச் சம்மதமா?"

அந்தக் கேள்வி மஸீஹாவின் காதில் விழுந்ததும் அவளுடைய கழுத்து தானாகக் குனிந்தது. கை தானாக முக்காட்டை இழுத்துவிட்டது. கன்னம் சூடேறிக் கண் கலங்கியது. இத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி. பிற ஆண் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு வாயால் பதில் சொல்வாளா ஒரு பெண்? அவள் பேசாமலிருந்தாள். துரைசாணி இன்னொரு தடவை கேட்டாள், இன்னும் மெதுவாக. மஸீஹா பேசாமலிருந்தாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ், மூன்றும் முடிந்தது என்று மஸீஹா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

துரைசாணி எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவள் தோளில் கை வைத்தாள். அந்தக் கையில் அவ்வளவு இரக்கம் இருந்தது. பாவம், அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பயப்பட வேணாமாம்" என்றார் ராஜநாயகம். "உங்களுக்கு விருப்பமில்லாத இடத்துக்கு உங்கள அனுப்ப மாட்டாங்களாம். பத்திரம் போதாதுன்னு நானாகிட்ட நாங்க சொல்லிக்கிறோம். உங்க மேல ஒரு பழியும் வராது. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அவர் சொன்ன சொற்கள் எல்லாம் காதில் விழுந்தன. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. யாரோ கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனதுபோல அவள் வெளியே வந்து சேர்ந்தாள்.

வெளியில் நுஹ்மான் ராஜநாயகத்தைப் பிடித்துக்கொண்டார். "பத்திரம் போதாதா? அல்லாஹ்! எத்தனை பத்திரம் வேணும்? பள்ளிவாசல்ல கேளுங்க, மாத்தளையில கேளுங்க! என்னை உள்ளுக்கு விடுங்க ஐயா, நான் சொல்றேன்!"

"நீங்க சொல்றது செல்லாது முதலாளி" என்றார் ராஜநாயகம். கொஞ்சம் தயங்கினார். மனசு கேட்கவில்லை போலும், சொல்லாமல் விடலாம் என்று நினைத்ததைச் சொல்லிவிட்டார். "போகச் சம்மதமான்னு அம்மா மூணு தரம் கேட்டாங்க. உங்க தங்கச்சி வாயத் திறக்கல்ல. பொண்ணு அழுவுது. அதுக்கு மேல என்ன செய்யச் சொல்றீங்க?"

நுஹ்மானின் வாய் பாதியில் நின்றுவிட்டது. அவர் மஸீஹாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் மஸீஹாவுக்கு எல்லாம் விளங்கியது. தான் சொன்ன பதிலை அந்த அறையில் யாரும் கேட்கவே இல்லை. இங்கே பேசாமலிருந்தால் இல்லை என்றுதான் அர்த்தம்.

"நீ இரு, நான் போய்..." என்று கதவுப் பக்கம் திரும்பினார் நுஹ்மான். பழக்கம் அப்படி. வாப்பா மௌத்தான நாளிலிருந்து, அவளுக்குப் பல் பிடுங்கப் போனால்கூட எந்தப் பல் என்று டாக்டரிடம் சொன்னவர் அவர்தான்.

மஸீஹா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க இருங்க நானா. இது நான் சொல்லவேண்டியது."

கதவை அவளே தள்ளினாள். உள்ளே அடுத்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். டை கட்டிய ஒரு மனுஷர் திடுக்கிட்டு எழுந்தார். மஸீஹா அவரைப் பார்க்கவில்லை. முக்காட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, துரைசாணியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சம்மதம்" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். "சம்மதம்." மூன்றாவது தடவை சொன்னது வெளியில் காவல்காரனுக்கே கேட்டிருக்கும்.

பின்னாலேயே ஓடி வந்த ராஜநாயகம் மூச்சு வாங்கிக்கொண்டு அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசாணியின் புருவம் உயர்ந்தது. அப்படியானால் சற்று முன்னே ஏன் பேசவில்லை என்று கேட்டாள்.

"பேசினேன் ஐயா. எங்கட ஆக்களுக்குள்ள பொண்ணு பேசாம இருந்தா அதுதான் சம்மதம். அவங்க மூணு தரம் கேட்டாங்க, நானும் மூணு தரம் சொன்னேன். அவங்களுக்கு அது விளங்காதுன்னு எனக்குத் தெரியாது."

துரைசாணி நம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. வெளியில் நிற்கும் நானா மிரட்டி அனுப்பியிருந்தால்? ஏன் போக வேண்டும், அவரிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டாள். அதற்கு நுஹ்மான் சொல்லிக்கொடுத்த பதில் எதுவும் இல்லை. மஸீஹா கோப்பையைப் பற்றிச் சொன்னாள். துணியை எப்படி மடிப்பான் என்று மேசையில் கிடந்த கைக்குட்டை ஒன்றை மடித்தே காட்டினாள். சொல்லிக்கொண்டு வரும்போது அழுகை வந்துவிட்டது. இந்த முறை அதை முக்காட்டுக்குள் மறைக்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு நான் பேசாம இருந்தது, எனக்கு ஒண்ணும் தெரியாததால. சரின்னும் தெரியாது, வேணாம்னும் தெரியாது. அவரு யாருன்னே தெரியாது. இன்னைக்கு எனக்குத் தெரியும். அதுனாலதான் சொல்றேன்."

கதவருகில் வந்து நின்ற நுஹ்மானுக்கு இது முழுக்கக் கேட்டது. அவர் சத்தமில்லாமல் பின்னுக்குப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

துரைசாணி நெடுநேரம் அந்தக் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முத்திரையைக் கையிலெடுத்தாள்.

திரும்பி வரும் ரயிலில் நுஹ்மான் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். காவல்காரன் திருப்பிக் கொடுத்த கராம்புப் பை மடியில் கிடந்தது. கண்டி தாண்டி, பெட்டி காலியான பிறகுதான் கேட்டார்.

"அன்னைக்கு நீ பேசாம இருந்தப்ப, சம்மதமில்லாமலா புள்ள இருந்தே?"

"தெரியாம இருந்தேன் நானா. நீங்க நல்லதாத்தான் தேடியிருந்தீங்க."

"நல்லதா இல்லாம இருந்திருந்தா?"

கேட்ட கேள்வி அவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் யஹ்யாவுக்குத் தந்தி கொடுக்க மாத்தளைத் தபால் கந்தோருக்குப் போனார்கள். மஸீஹாவும் கூட வருவேன் என்று சொன்னது வீட்டில் எல்லோருக்கும் புதினமாக இருந்தது. நுஹ்மான் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'விசா கிடைத்தது' என்று எழுதினார்.

"அத வெட்டுங்க நானா" என்றாள் மஸீஹா. "சம்மதம்னு போடுங்க."

"என்ன புள்ள பேசுறே? கல்யாணம் முடிஞ்சி ரெண்டு வருஷமாச்சி. இப்ப என்னத்துக்குச் சம்மதம்?"

"அவரு ஸ்டேஷன்ல கேட்டாரு. நான் இன்னும் சொல்லல்லயே. அந்தக் கந்தோர்ல யாரு யாருக்கோ சொல்லிட்டேன். அவருக்குச் சொல்லல்ல."

நுஹ்மான் அவளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதியதைக் குறுக்கே வெட்டிவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் அந்தத் தமிழ்ச் சொல்லை எழுதினார். அதன் பக்கத்தில் மறுபடியும் எழுதினார். பிறகு மறுபடியும்.

கவுண்டரில் இருந்த சிங்களவர், தந்தி மாத்தயா, தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். இப்படியொரு சொல் இங்கிலீஷில் இல்லையே, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். வழக்கமாக நுஹ்மான்தான் பதில் சொல்வார். இந்தத் தடவை அவர் சற்று விலகி நின்று வழி விட்டார்.

"கெமதியி" என்று சம்மதத்தைச் சிங்களத்தில் சொன்னாள் மஸீஹா.

தந்தி மாத்தயா சிரித்துவிட்டார். "அப்ப ஒரு தரம் போட்டா போதுமே முதலாளி. ஒரே சொல்ல எதுக்கு மூணு தரம்?"

"நீங்க அப்பிடியே அனுப்புங்க மாத்தயா" என்றார் நுஹ்மான். "எங்கட ஆக்களுக்கு மூணு தரம் சொல்லணும்."